மலாயாத் தோட்டங்களில் மகப்பேறும் மகவு வளர்ப்பும்: அறிவுரை சொன்னவர்களும் கேட்டவர்களும்

முன்னுரை

மலாயாவின் இந்தியத் தொழிலாளர் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் ஆண்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆள்சேர்ப்பு, கங்காணி முறை, கூலி, கள்ளுக்கடை, தொழிற்சங்கம், வேலைநிறுத்தம் ஆகியன குறித்து நூல்களும் ஆய்வேடுகளும் பல உள. லயத்து அறையொன்றில் ஒரு பெண் கருவுற்றால் அவளுக்கு யார் என்ன சொன்னார்கள், பிறந்த குழந்தைக்கு அவள் எதனை ஊட்டினாள், எங்கே கிடத்திவிட்டு வேலைக்குப் போனாள் என்ற வினாக்கள் அந்நூல்களில் ஓரிரு பத்திகளுக்குள் அடங்கிவிடுகின்றன. காலனித்துவ மலாயாவில் நோயும் அரசும் பற்றி லெனோர் மாண்டர்சன் 1996இல் வெளியிட்ட ஆங்கில நூல் இதற்கு விதிவிலக்காகும். தமிழில் அத்தகைய முயற்சி இன்னும் விரிவாக நிகழவில்லை.

கருவுற்ற பெண்ணுக்கும் குழந்தை பெற்றவளுக்கும் கூறப்படும் அறிவுரைகள் அற்பமானவை எனக் கருதி வரலாற்றாசிரியர் அவற்றை ஒதுக்குவதுண்டு. ஆனால் ஒரு சமூகம் தன் பெண்களை எவ்வாறு மதித்தது என்பதை அவ்வறிவுரைகளைப் போல் வெளிப்படையாகக் காட்டும் சான்று அரிது. தோட்டத்துக் குழந்தை இறப்பைப் பற்றிக் காலனித்துவ அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளைப் படிப்போர், அவற்றுள் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பர். அச்சொல் 'அறியாமை'. தாய்மார் அறியாதவர்கள்; ஆகவே குழந்தைகள் இறந்தன என்பது அவ்வறிக்கைகளின் வாதம். இவ்விளக்கம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

தாய்வீடு இல்லாத தலைப்பிரசவம்

தமிழகக் கிராமத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்வது வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பெற்றோர் அழைத்துச் செல்வர். குழந்தை பிறந்து சில மாதங்கள் கழித்தே அவள் கணவன் வீடு திரும்புவாள். இவ்வழக்கத்தைச் சடங்கு என்று மட்டும் எண்ணிவிடுவது தவறாகும். பேறுகாலத்தின் இறுதி வாரங்களிலும் அதற்குப் பின்னும் அப்பெண்ணுக்கு வேலையிலிருந்து விடுதலை, தன்னை நன்கறிந்த ஒருத்தியின் கவனிப்பு, குழந்தையை ஏந்துவதற்கு இன்னும் இரண்டு கைகள் ஆகிய மூன்றையும் அது உறுதி செய்தது. ஏழைக் குடும்பங்களில் இது குறைவாகவே கிட்டியிருக்கும். ஆயினும் ஏதோ ஓரளவேனும் கிட்டியது.

கடல் கடந்தபோது முதலில் அறுபட்டது இவ்வேற்பாடுதான். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கிய பெண்ணுக்குத் தாய்வீடு வங்கக் கடலுக்கு அப்பால் இருந்தது. லயத்தில் மூத்த பெண்களும் அரிதாகவே இருந்தனர். கெர்னல் சிங் சந்து தொகுத்த குடிக்கணக்கு விவரங்களின்படி, மலாயா இந்தியரிடையே 1911இல் 1,000 ஆண்களுக்கு ஏறத்தாழ 308 பெண்களே இருந்தனர். 1931இல் அது 482 ஆகவும் 1947இல் 637 ஆகவும் உயர்ந்தது. அக்காலத்தில் வந்த பெண்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் வயதினர். பேரப்பிள்ளை எடுத்த அனுபவமுள்ள கிழவி தோட்டத்துக்குத் தேவைப்படவில்லை. ஆகவே கங்காணி அவளை அழைத்து வரவுமில்லை. அறிவுரை வழங்கும் தலைமுறையே பெயர்ந்து வராத ஒரு குடியேற்றமாகத் தொடக்ககால மலாயாத் தமிழர் குடியேற்றத்தைக் கொள்ளலாம்.

இதன் விளைவுகள் நோக்கத்தக்கவை. ஊரில் பிரசவம் பார்த்தவர் பெரும்பாலும் நாவிதர் குலத்து மருத்துவச்சி. பரம்பரையாகக் கைவந்த தொழில் அது. அக்குலத்துப் பெண்கள் எல்லாத் தோட்டங்களுக்கும் வந்திலர். எனவே இரண்டு மூன்று பிள்ளை பெற்ற எவளேனும் ஒருத்தி லயத்து மருத்துவச்சியாகும் நிலை தோன்றியது. அருகே கம்பத்து மலாய்க்காரரின் 'பிடான்' இருந்தால் அவரை அழைத்தலும் உண்டு. வயிற்றைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டுதல், உடலுக்குச் சூடு காட்டுதல், குளிர்ச்சி தரும் உணவை விலக்குதல் ஆகியன மலாய் மரபுக்கும் தமிழ் மரபுக்கும் பொதுவானவை. மலாயர் 'பந்தாங்' என்னும் விலக்கு நாட்களை 40 அல்லது 44 எனக் கணக்கிட்டனர். தமிழர் 30 அல்லது 40 எனக் கொண்டனர். மொழி வேறாயினும் ஒருவர் சொன்னது மற்றவர்க்கு விளங்கியதற்கு இவ்வொற்றுமை காரணமாகலாம்.

சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு, தென்னார்க்காடு என வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் ஒரே லயத்தில் வாழ்ந்தனர். ஒருத்தியின் ஊரில் பத்தியம் எனக் கருதப்பட்டது மற்றொருத்தியின் ஊரில் விலக்காக இருந்தது. இக்கலப்பிலிருந்துதான் இன்று நாம் மலேசியத் தமிழர் மரபு என்று கருதும் பேறுகால வழக்கங்கள் உருப்பெற்றன. காய உருண்டை, சரக்குத்தூள் குழம்பு, பூண்டு, பால் சுறா, முப்பதாம் நாள் தொட்டிலிடல் ஆகியவற்றை 'ஆதிகாலத்து வழக்கம்' என்று நம் வீட்டுப் பெரியோர் கூறுவர். அவற்றின் தனிக்கூறுகள் பழமையானவையே. அவை இன்றைய வடிவில் ஒன்றாகத் திரண்டது தோட்டத்து லயத்தில் என்பதே என் கருத்து.

பாட்டி வைத்தியத்தின் வரவும் செலவும்

இம்மரபை முற்றாகப் போற்றுவதும் முற்றாகத் தூற்றுவதும் ஆய்வுக்கு உதவா. ஒவ்வொன்றாக எடுத்து நோக்குதல் வேண்டும்.

குழந்தை பிறந்தவுடன் சர்க்கரை நீரைத் தொட்டுச் 'சேனை' வைத்தலும், முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் எனப் பீய்ச்சி விடுதலும் பல பகுதிகளில் வழக்கமாயிருந்தன. நோய் எதிர்ப்பாற்றலைக் குழந்தைக்குத் தரும் பொருள்கள் சீம்பாலில்தான் செறிந்துள்ளன என்பதை இன்று அறிவோம். தொப்புள்கொடியைத் தூய்மையற்ற கருவியால் அறுத்து, அவ்விடத்தில் சாம்பலோ பிறவோ அப்பும் பழக்கம் பிறந்த குழந்தைகளுக்கு இசிவு நோய் உண்டாக வழிவகுத்தது. இவை மரபின் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டியவை.

வரவுப் பக்கமும் சிறிதன்று. குழந்தை பெற்றவளைத் தனித்திருக்கச் செய்தல் தீட்டு என்ற பெயரில் நிகழ்ந்தாலும், அடுப்பங்கரையிலிருந்தும் வயலிலிருந்தும் அவளுக்கு விடுப்பு வாங்கித் தந்தது அதுவே. ஆறாம் மாதத்தில் சோறூட்டுதல் என்னும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்ற பரிந்துரையை உலக சுகாதார மன்றம் 2001இல் ஏற்றது. அதற்கு முன்னர் நான்கு மாதத்திலேயே திட உணவைத் தொடங்குமாறு மருத்துவர்கள் கூறி வந்தனர். நம் பாட்டிமார் மாறாமல் நின்ற இடத்திற்கு மருத்துவ உலகம் சுற்றி வந்து சேர்ந்தது எனலாம். வசம்பை எடுத்துக்கொண்டால் தீர்ப்பு அவ்வளவு எளிதன்று. 'பிள்ளை வளர்ப்பான்' எனப் பெயர் பெற்ற அவ்வேரைச் சுட்டு உரைத்துக் குழந்தைக்குப் புகட்டுவது உரைமருந்து மரபின் தலையாய கூறு. அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் தீங்கானவை என இன்றைய நச்சியலாளர் எச்சரிக்கின்றனர்.

மரபு அறிவும் மேலை மருத்துவமும் தமிழ் மொழியில் சந்தித்தது மலாயாவில் அன்று. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே அளித்தார். அவர் மேற்பார்வையில் பிரசவ மருத்துவம் பற்றிய ஆங்கில நூலொன்று தமிழாக்கம் பெற்று 1857இல் வெளிவந்தது. பின்னாளில் மலாயாவின் மருத்துவமனைகளிலும் தோட்டங்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் உதவி மருத்துவராகவும் டிரெசராகவும் பணியாற்றினர். ஆயினும் கிறீன் தொடங்கிய தமிழ்வழி மருத்துவ எழுத்து இங்கே தொடரவில்லை. மலாயாவில் மருத்துவம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. தமிழ் நோயாளியிடம் பேசுதற்கு மட்டும் பயன்பட்டது. தோட்டத்துப் பெண்ணிடம் மருத்துவ அறிவுரை எழுத்தாகப் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் ஏவலாகவே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோற்றுப் பானையின் காவல்

மலாயாவின் மருத்துவ வரலாற்றில் தமிழ்த் தாய்மாருக்குச் சாதகமாக அமைந்த ஒரு செய்தியை இங்குச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரிபெரி நோய் இந்நாட்டில் பல்லாயிரவரைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரே பெரிதும் பாதிக்கப்பட்டனர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், தமிழர்க்கு இந்நோய் ஏறக்குறைய வருவதேயில்லை என்பதைக் கவனித்தார். 1907இல் அவர் வெளியிட்ட நூலில், தமிழர் உண்பது புழுங்கலரிசி என்பதைச் சுட்டிக் காட்டினார். பச்சரிசி பழையதாகும்போது அதில் நஞ்சு தோன்றுகிறது என்பது அவர் கொண்ட காரணம். காரணம் பிழையாயினும் கவனிப்பு மிகச் சரியானது.

ஏறத்தாழ அதே காலத்தில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் டுரியான் டிப்புஸ் என்னுமிடத்தில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்துச் சோதித்தனர். பச்சரிசி உண்டோரிடம் மட்டுமே பெரிபெரி தோன்றியது. அரிசிகளை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. தீட்டும்போது தவிட்டோடு கழிந்துபோகும் ஏதோவொன்று உயிருக்கு இன்றியமையாதது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். பின்னாளில் அது தயமின் எனப்பட்டது. நெல்லை அவிக்கும்போது அப்பொருள் உமியிலும் தவிட்டிலுமிருந்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவிவிடுவதால், தீட்டினாலும் முற்றாக நீங்குவதில்லை.

இதற்கும் குழந்தை வளர்ப்புக்கும் என்ன தொடர்பு என வினவலாம். தயமின் குறைந்த தாயின் பாலிலும் தயமின் குறைந்திருக்கும். அப்பாலை மட்டும் உண்ணும் குழந்தை இரண்டு மூன்று மாதங்களில், பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும்போதே, திடீரென மூச்சுத் திணறி இறந்துவிடும். தீட்டிய பச்சரிசி உண்ட நாடுகளில் இந்நோய் குழந்தைகளைப் பெருமளவில் பலிகொண்டது. தமிழ்த் தாயை இதிலிருந்து பெரிதும் காத்தது எந்த அதிகாரியின் அறிவுரையுமன்று. அவள் விடாமல் பற்றியிருந்த புழுங்கலரிசிச் சோறு. 'அறியாமை' என்ற சொல்லைத் தாராளமாக வழங்கிய அறிக்கைகள் இதனை அவள் கணக்கில் வரவு வைத்ததில்லை. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கு அதனிடத்தைப் பிடித்தபோது இக்காவலும் தகர்ந்தது.

காய்ச்சலும் சட்டமும்

தோட்டத்துக் கருவுற்ற பெண்ணின் முதற்பகை மலேரியா. ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911இல் சராசரி 143,614 தொழிலாளருள் 9,040 பேர் இறந்தனர். அஃதாவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 63. கிள்ளானில் 1901 முதல் சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திய மால்கம் வாட்சன் இத்தகைய எண்களைத் தம் எழுத்துகளில் அடுக்கிக் காட்டினார். கருவுற்றவளை மலேரியா தாக்கினால் கருச்சிதைவும் குறைப்பேறும் எடை குன்றிய குழந்தையும் விளையும். அதனோடு கொக்கிப்புழுவும் சேர்ந்து இரத்தத்தைக் குறைத்தது. கொயினா கொடுக்கப்பட்டது. அது 'சூடு' மிகுந்த மருந்து எனக் கருதப்பட்டதால் கருவுற்ற பெண்கள் அதனை விழுங்கத் தயங்கினர். இதுவும் அறியாமை என்றே பார்க்கப்பட்டது. மிகை அளவில் கொயினா கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதும், கருக்கலைப்புக்கே அது பயன்பட்டதுண்டு என்பதும் மருத்துவ நூல்கள் கூறுவனவாகும். அப்பெண்களின் அச்சத்தில் ஒரு பகுதி உண்மை இருந்தது.

இந்திய அரசு 1922இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றித் தன் முகவரை மலாயாவில் அமர்த்திய பின்னர் நிலைமை சற்று மாறியது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பேறுகால உதவித்தொகையையும் தோட்டப் பிள்ளைக் காப்பகத்தையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டு வந்தது. இது கருணையால் மட்டும் விளைந்ததன்று. பெண்களும் குடும்பங்களும் நிலைத்துத் தங்கினால் தொழிலாளர் தோட்டத்திலேயே பிறப்பர், கப்பற்செலவு மிச்சம் என்ற கணக்கும் அதனுள் இருந்தது. 1936 டிசம்பரில் சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. அதன்பின் தோட்டத்தில் பிறக்கும் குழந்தையே தோட்டத்தின் வருங்காலத் தொழிலாளி என்றாயிற்று.

இரண்டு பால்கள்

தோட்டத் தமிழில் 'பால்' என்றால் இரப்பர் மரத்தின் பால். பால் சேர்த்தல், பால் நிறுத்தல், பால் வாளி, பால் கொட்டாய் என்று அச்சொல் நாள் முழுதும் வழங்கும். தாய்ப்பாலுக்கும் அதே சொல். இவ்விரண்டு பால்களுக்கும் இடையே இருந்த பகை தோட்டத்துக் குழந்தை வளர்ப்பின் வரலாற்றில் மையமானது என்பேன்.

மரத்தில் பால் வெயிலேறுமுன் நன்கு வடியும். ஆகவே விடியலுக்கு முன்பே பிரட்டு. பெயர் கொடுத்தபின் மரம் சீவி, கோப்பைகள் நிரம்பும்வரை காத்திருந்து, பால் சேர்த்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது நண்பகல் கடந்துவிடும். கைக்குழந்தையுடைய தாயும் இதற்கு விலக்கன்று. இருள் பிரியாத நேரத்தில் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். அங்கு வரிசையாகத் தொங்கும் ஏணைகளும், அவற்றை ஆட்ட வேலைக்குத் தகுதியற்றவள் எனத் தள்ளப்பட்ட ஒரு முதியவளும் இருப்பர். ஏழெட்டு மணி நேரம் தாய் வரமாட்டாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்க, சேலை நனைய, அவள் மரத்துப் பாலைச் சேர்த்துக்கொண்டிருப்பாள். இத்தகைய இடைவெளி நாள்தோறும் நேர்ந்தால் தாய்ப்பால் சில வாரங்களில் குன்றத் தொடங்கும் என்பது உடலியல் விதி.

அவள் கூலியும் இங்கு நினைக்கத்தக்கது. உலகப் பொருளாதார மந்தத்திற்குச் சற்று முன்பு விதிக்கப்பட்டிருந்த அளவுக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மந்தத்தின்போது அதுவும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. குழந்தைக்காக அவள் வீட்டில் தங்கினால் அன்றைய 40 காசு இல்லை.

அக்காலத்தில் பிரிட்டிஷ் பேரரசெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்த குழந்தை வளர்ப்பு நெறி, நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் வகுத்தது. கடிகாரம் பார்த்து, குறித்த மணிக்கு ஒருமுறை பாலூட்ட வேண்டும். இடையில் குழந்தை அழுதாலும் எடுக்கலாகாது என்பது அதன் சாரம். தமிழ்த் தாயோ அழும்போதெல்லாம் எடுத்துப் பால் கொடுப்பவள். அவ்வழக்கமே சரியானது என்பதைப் பிற்கால மருத்துவம் ஒப்புக்கொண்டது. ஆனால் தோட்டத்தில் அவள் மரபுக்கும் இடமில்லை, ட்ரூபி கிங்கின் கடிகாரத்திற்கும் இடமில்லை. அங்கு ஒலித்தது பிரட்டு மணி ஒன்றே.

இவ்விடைவெளியில் நுழைந்ததுதான் தகரப் பால். இனிப்பூட்டிய கட்டிப்பால் வெப்ப நாட்டில் கெடாது. தகரத்தில் துளையிட்டுச் சிறிது ஊற்றி வெந்நீர் கலந்தால் போதும். ஆயாவுக்கு எளிது, குழந்தைக்கும் இனிப்பு. அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சர்க்கரை. இனிப்பு மட்டுப்பட நீரை மிகுதியாகக் கலந்தால் புரதமும் கொழுப்பும் போதாமற்போகும். ஆடை நீக்கிய பாலிலிருந்து செய்யப்பட்ட மலிவு வகைகளில் ஏ, டி உயிர்ச்சத்துகள் இல்லை. அதனை மட்டும் உண்டு வளர்ந்த குழந்தைகளுக்குக் கண்ணின் கருவிழி உலர்ந்து குருடாகும் நிலையும் எலும்பு வளையும் கணை நோயும் உண்டாயின. இத்துடன் கொட்டகையின் தண்ணீரும் ஈயும் தூய்மையற்ற புட்டியும் சேர்ந்தால் வயிற்றுப்போக்குத் தப்பாது.

சவலை

இந்நிலையில் 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் 1893இல் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். அதற்கு முன் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் பணியாற்றியபோது, உடல் வீங்கித் தோல் உரிந்து தலைமுடி வெளிறி இறக்கும் சிறு குழந்தைகளைக் கண்டு 1933இல் அந்நோயை விவரித்து எழுதினார். 1935இல் எழுதிய கட்டுரையில் அதற்குக் 'குவாஷியோர்கோர்' என்னும் பெயரைப் பயன்படுத்தினார்.

அப்பெயர் அவர் ஆக்கியதன்று. கா மொழி பேசும் தாய்மாரிடம் கேட்டுப் பெற்றது. அடுத்த குழந்தை உண்டானதும் தாயின் மார்பிலிருந்து விலக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தமிழில் இதற்கு 'சவலை' என்ற சொல் இருக்கிறது. தாய் மீண்டும் கருவுற்றதால் பாலிழந்து மெலியும் பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்கிறோம். ஒரு நோயின் காரணத்தையே அதன் பெயராக இட்டு வைத்திருந்தனர் இரு கண்டங்களின் தாய்மார். ஏட்டுக்கல்வி இல்லாதார் கவனித்து அறிந்ததைக் கேட்டுக்கொள்ளும் பணிவு வில்லியம்ஸிடம் இருந்தது. அவர் உடன் பணியாற்றிய மருத்துவர் பலரிடம் அது இல்லை.

சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே அவர் நகரின் நெரிசல் மிகுந்த குடியிருப்புகளுக்குச் சென்று குழந்தைகளைப் பார்த்தார். தாய்ப்பால் சுரக்கும் பெண்களிடமே கட்டிப்பாலைப் பரிந்துரைக்கச் செவிலியர் உடை தரித்த விற்பனைப் பெண்கள் அனுப்பப்பட்டதை அறிந்து வெகுண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். தவறான பால் விளம்பரத்தால் நேரும் குழந்தை இறப்புகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவ்வுரையின் உள்ளீடு. நகரத்துப் பிரமுகர்களும் வணிகரும் அமர்ந்திருந்த அவையில் அவ்வாறு பேசுதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

1941இல் அவர் திரெங்கானுவுக்கு அனுப்பப்பட்டார். ஜப்பானியர் படையெடுத்தபோது தப்பிச் சிங்கப்பூர் வந்து சாங்கிச் சிறையில் அடைபட்டார். அச்சிறை முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன என்றும், இருபதும் தாய்ப்பால் உண்டு இருபதும் பிழைத்தன என்றும் அவர் பின்னர்க் கூறியுள்ளார். தகரப் பால் கிட்டாத இடம் அது. தாயும் குழந்தையும் பிரிக்கப்படாத இடமுங்கூட. தோட்டத்தின் ஆயாக் கொட்டகையோடு இதனை ஒப்பிட்டு நோக்கினால், இரண்டாவது செய்தியே மிகுதியும் பொருட்படுத்தத் தக்கது எனத் தோன்றுகிறது. வில்லியம்ஸின் உரை விளம்பரத்தைத்தான் சாடியது. தோட்டத்துத் தாயைப் பொறுத்தவரை, விளம்பரப் பெண் ஒருத்தியும் வராமலிருந்தாலும் தகரப் பால் வந்தே தீர்ந்திருக்கும். அவளை அதற்குத் தள்ளியது வேலைநேரம். வில்லியம்ஸ் பற்றிய எழுத்துகளைப் பயன்படுத்தும் நம் ஆய்வாளர்கள் நகரத்துக்கும் தோட்டத்துக்குமுள்ள இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளுதல் நன்று.

நகரத்துக் கதை

நகரத்தில் நிலைமை வேறு. சிங்கப்பூரில் ஆங்கிலிக்கப் பேராயரின் துணைவியாரான மருத்துவர் சார்லட் ஃபெர்குசன் டேவி 1913இல் பென்கூலன் தெருவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருந்தகத்தைத் தொடங்கினார். 1924 அக்டோபரில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 'எருமைத் தொழுவம்' எனப் பொருள்படும் அப்பெயர், சிராங்கூன் சாலையை ஒட்டி மாடு வளர்த்த காலத்தின் எச்சம். தேக்கா வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது நடந்து செல்லும் தூரத்தில் இருந்தது. 1966 என்ற ஓராண்டில் மட்டும் அங்கு 39,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. உலகச் சாதனை நூலிலும் அது இடம்பெற்றது. சிங்கப்பூரில் 1950இல் ஆயிரம் பிறப்புக்கு 82ஆக இருந்த குழந்தை இறப்பு, இன்று 2 என்ற அளவில் உள்ளது.

விடுதலைக்குப் பின்

மலாயாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் பேறுகால விடுப்பை 60 நாள்களாக நிறுவியது. 1956இல் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டம் பயிற்சி பெற்ற மருத்துவச்சியைக் கம்பங்களுக்குக் கொண்டு சென்றது. 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்பது அதன் அளவு. உலகமே வியந்து நோக்கிய திட்டம் அது. 1957இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 75ஆக இருந்த குழந்தை இறப்பு விகிதம் பின்னர் 10க்கும் கீழே இறங்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் தோட்டம் தனியார் நிலம். கிராம வளர்ச்சித் திட்டங்கள் தோட்டத்தின் வேலியோரத்தில் நின்றுவிட்டன. கம்பத்துக் குழந்தைக்கு அரசு மருத்துவச்சி வாய்த்த காலத்திலும் தோட்டத்துக் குழந்தைக்கு நிருவாகம் அமர்த்திய டிரெசரே வாய்த்தார். அவருள் நல்லோர் பலர் இருந்தனர். எனினும் ஒரு குழந்தையின் உயிர் எந்த நிருவாகத்தின் கீழ்ப் பிறந்தது என்பதைப் பொறுத்திருந்தது.

வில்லியம்ஸின் உரை பிற்காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது. குழந்தைப் பால்மா விற்பனைக்கு எதிரான இயக்கம் 1970களில் உலகெங்கும் பரவியது. மலேசியா 1979இல் பால்மா விற்பனைக்கான நெறிமுறையை வகுத்தது. 1981இல் உலக சுகாதார மன்றம் அனைத்துலக நெறிமுறையை ஏற்றது. அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்பு 1986இல் வில்லியம்ஸின் உரையைப் பினாங்கில் மறுபதிப்பாக வெளியிட்டது. தாய்ப்பால் இயக்கத்தின் உலகக் கூட்டணி 1991இல் பினாங்கையே தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. ஆகஸ்டு மாத முதல் வாரத்தில் கொண்டாடப்படும் உலகத் தாய்ப்பால் வாரம் 1992இல் அக்கூட்டணி தொடங்கியதே.

இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1990ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் தோட்டப் பிள்ளைக் காப்பகங்களுக்கு விதிகள் வகுத்தபோது, ஏணையில் கிடக்க வேண்டிய பிள்ளைகளின் பெற்றோர் பலர் நகர்ப்புறத்துத் தொழிற்பேட்டைகளை நோக்கிப் பெயர்ந்துகொண்டிருந்தனர். அங்கு பிரட்டு மணிக்குப் பதிலாகச் சுற்றுமுறை வேலைநேரம். 60 நாள் விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள்களாக உயர்த்தப்பட்டுள்ளது. 98 நாள் என்பது பதினான்கு வாரம். தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று மகப்பேற்று நிலையத்துச் செவிலி இன்றைய தாய்க்குச் சொல்லும் ஆறு மாதம் என்பது இருபத்தாறு வாரம். எஞ்சிய பன்னிரண்டு வாரங்களுக்குக் குழந்தைக்கு எதனைக் கொடுப்பது என்பதை அவளே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.